முசலியில் எரியும் மஞ்சள் விளக்கு

மன்னாரிலிருந்து சிலாவத்துறைக்குப் போகும் வீதியில், அருவியாற்றைக் கடந்து அரிப்பை நெருங்கும்போது எங்கள் காரின் டாஷ்போர்டில் அந்த மஞ்சள் விளக்கு மறுபடியும் எரியத் தொடங்கியது. எஞ்சின் வடிவில் சிறிய படம். இரண்டு மாதங்களுக்கு முன்புதான் இந்த விளக்கை அணைப்பதற்காக ஒரு நகரத்துக் கராஜில் ஒட்சிசன் சென்சரை மாற்றியிருந்தோம். ஒரு சுயாதீன ஊடகவியலாளன் ஒரு மாதம் முழுக்க எழுதிச் சம்பாதிப்பதில் பெரும்பகுதி அதற்கே போனது. கார் என்னுடையதல்ல, அப்பாவினுடையது. யப்பானில் பாவித்துக் கழித்த, எங்களுக்கு வந்து சேரும்போதே வயதாகிவிட்ட கார்.

சிலாவத்துறையில் தகரக் கூரை போட்ட ஒரு சிறிய கராஜில் நிறுத்தினோம். அங்கிருந்த பாஸுக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். அவர் முதலில் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. பெற்றோல் முன்பைவிடக் கூடச் செல்கிறதா, காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது இழுக்கிறதா, சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது குலுங்குகிறதா என்று கேட்டார். (முசலியில் சமிக்ஞை விளக்கு எங்கே இருக்கிறது என்று அவரே சிரித்துக்கொண்டார்.) பிறகு எஞ்சினை ஓடவிட்டு, பொனற்றைத் திறந்து, காது கொடுத்துக் கேட்டார். காற்று உள்ளே போகும் குழாயின் பக்கத்தில் விரலளவு இறப்பர் ஹோஸ் ஒன்று. அதை இரண்டு விரலால் நசுக்கியதும் எஞ்சினின் சத்தம் மாறியது. ஹோஸின் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், வெயிலில் வெடித்த ஒரு கீறல்.

கராஜில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் கைத்தொலைபேசியோடு இணையும் சிறிய ஸ்கானரைக் காருக்குள் சொருகினார். திரையில் வந்த எண் பி 0171. கலவையில் பெற்றோல் குறைவு, காற்று அதிகம் என்பது அதன் அர்த்தம். நகரத்துக் கராஜிலும் இதே எண்தான் வந்திருந்தது. 'காற்று அதிகம்' என்று சொல்வது ஒட்சிசன் சென்சர், ஆகவே சென்சர் பழுது என்று அங்கே முடிவெடுத்தார்கள். சென்சர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. தூது வந்தவனைத் தண்டிப்பது இந்த நாட்டில் கராஜில் மட்டும் நடப்பதல்ல, எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். புதிய ஹோஸுக்கும் கிளிப்புக்கும் சில நூறு ரூபா ஆனது.

இதை ஒரு தனிப்பட்ட காரின் கதையாக விட்டிருக்கலாம். ஆனால் அன்று அந்தக் கராஜில் இருந்த இரண்டு மணித்தியாலத்தில் மூன்று முச்சக்கரவண்டிகளும் மீன் ஏற்றும் ஒரு சிறிய லொறியும் வந்துபோயின. எல்லோருடைய முறைப்பாடும் ஏறக்குறைய ஒன்று: எரிபொருள் கூடச் செல்கிறது, புகை வருகிறது, புகைப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

எண் சொல்வதும் சொல்லாததும்

பெற்றோல் எஞ்சின் சரியாக எரிய ஒரு பங்கு பெற்றோலுக்கு நிறையளவில் 14.7 பங்கு காற்று வேண்டும். காபரேற்றர் காலத்தில் இந்த விகிதத்தை ஒரு ஸ்குரூ தீர்மானித்தது. இப்போது காருக்குள் இருக்கும் கணினி தீர்மானிக்கிறது. புகைபோக்கியில் இருக்கும் ஒட்சிசன் சென்சர், எரிந்து முடிந்த வாயுவில் ஒட்சிசன் மிச்சமிருக்கிறதா என்று ஓயாமல் சொல்லிக்கொண்டேயிருக்கும். அதைக் கேட்டு இன்ஜெக்டர் தெளிக்கும் அளவைக் கணினி கூட்டும், குறைக்கும். எவ்வளவு கூட்டியது, குறைத்தது என்பதை வீதமாக ஸ்கானரில் பார்க்கலாம். எங்கள் காரில் ஐட்லிங்கில் 20 வீதத்துக்கு மேல் கூட்டிக்கொண்டிருந்தது. ஹோஸ் மாற்றியபின் 4 வீதத்துக்கு இறங்கியது.

அந்த இளைஞர் இதை வைத்து எனக்கு ஒரு பாடம் எடுத்தார். ஐட்லிங்கில் திருத்தம் அதிகமாக இருந்து, 2500 சுற்றுக்கு முடுக்கியதும் குறைந்தால், எங்கோ ஓர் ஓட்டையால் கணக்கில் வராத காற்று உள்ளே வருகிறது. மாறாக, ஐட்லிங்கில் சரியாக இருந்து, பாரத்தோடு ஓடும்போது திருத்தம் கூடினால் பெற்றோல் போதவில்லை: பம்பைப் பார், பில்டரைப் பார், காற்றை அளக்கும் சென்சரில் தூசு படிந்திருக்கிறதா பார். ஒரே எண், இரண்டு வேறு பழுதுகள். நான் இதுவரை பணம் கொடுத்த எந்தக் கராஜிலும் எனக்கு இதை யாரும் சொல்லவில்லை.

இன்னொரு எண் பி 0420. புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டர் வேலை செய்யவில்லை என்று சொல்லும் எண். சைலன்சருக்கு முன்னால், தேன்கூடு போன்ற ஒரு கட்டமைப்பில் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூசியிருக்கும். விலை அந்த உலோகங்களின் விலை. கொன்வேட்டருக்கு முன்னால் ஒரு சென்சர், பின்னால் ஒரு சென்சர். முன்னால் இருப்பது ஏறி இறங்க வேண்டும், பின்னால் இருப்பது அமைதியாக இருக்க வேண்டும். பின்னாலும் ஏறி இறங்கினால் கொன்வேட்டர் செத்துவிட்டது என்று கணினி முடிவெடுக்கும். ஆனால் கடலோரத்தில் ஓடும் வாகனத்தின் புகைக்குழாய் உப்புக்காற்றில் துருப்பிடித்து ஓட்டை விழும். அந்த ஓட்டை பின் சென்சருக்குப் பக்கத்தில் இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுபட்டு, நல்ல கொன்வேட்டரும் கெட்டதாகத் தெரியும். ஒரு வெல்டிங்கோடு முடியும் வேலை. தெரியாதவர் கொன்வேட்டரையே மாற்றச் சொல்வார். தெரிந்தும் சொல்பவர் இருக்கிறார். நல்ல கொன்வேட்டரைக் கழற்றி உலோகத்துக்காக விற்றுவிட்டு வெறும் குழாயைப் பொருத்தி அனுப்புபவரும் இருக்கிறார்.

ஸ்கானர் பழுதைக் கண்டுபிடிப்பதில்லை. எங்கே தேடத் தொடங்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. யப்பானின் உள்ளூர்ச் சந்தைக்காகச் செய்யப்பட்ட பழைய கார்கள் பலவற்றில் சொருகும் இடம் ஒன்றுபோல இருந்தாலும் மலிவான ஸ்கானரின் மொழி அவற்றுக்கு விளங்காது. அப்போது காதும் மூக்கும்தான் மிச்சம்.

இரண்டு பள்ளிக்கூடங்கள்

அந்தக் காதும் மூக்கும் எங்கே பழகின என்பதுதான் எனக்கு அன்று முக்கியமாகப் பட்டது. பாஸ் தொழில் பழகியது தொண்ணூறுகளில், வன்னியில். 1990 யூனில் போர் மறுபடி தொடங்கியபின் வடக்கில் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளுக்குப் பெற்றோலும் டீசலும் தடைசெய்யப்பட்டன. 2002இல் யுத்தநிறுத்தம் வந்து ஏ9 வீதி திறக்கும்வரை மோட்டார் சைக்கிளும் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு சின்னப் பிளாஸ்டிக் போத்தலில் கொஞ்சம் பெற்றோல். காற்று போகும் வாயில் சில துளி பீச்சி, உதைத்து, எஞ்சின் சூடாகியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நடுவழியில் நின்றால் மறுபடி துளி, மறுபடி உதை. இதைச் செய்தவர்கள், அதன் பின்னால் இருமிக்கொண்டு இருந்தவர்கள் பலர் இந்தக் கட்டுரையை வாசிப்பீர்கள்.

இது சாத்தியமானதற்குக் காரணம் அந்த எஞ்சின்களின் பழமை. மண்ணெண்ணெயின் ஒக்ரேன் மிகக் குறைவு, சுலபத்தில் ஆவியாகாது. அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின் அதைப் பொறுத்துக்கொண்டது. பொறுக்காதபோது பிளக் கறுத்தது, எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டனைக் கடந்து கீழே வடிந்து எஞ்சின் ஒயிலை நீராக்கியது. டிப்ஸ்ரிக்கை இழுத்து மணந்து பார்த்து, ஒயில் அளவு ஏறியிருந்தால் மண்ணெண்ணெய் இறங்குகிறது என்று அறிந்துகொண்டார்கள். பாஸ் இன்றும் எந்த வாகனம் வந்தாலும் டிப்ஸ்ரிக்கை மணக்கிறார். அன்று எங்கள் ஊர்களில் எழுந்த புகையை அளக்க யாரும் வரவில்லை.

இளைஞரின் பள்ளிக்கூடம் வேறு. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது அவருடைய குடும்பம் முசலியை விட்டுப் புத்தளத்துக்குப் போனது. அவர் பிறந்ததும் ஒரு கராஜில் வேலைக்குச் சேர்ந்ததும் அங்கே. கொழும்பு வீதியில் ஓடும் வான்களும் யப்பான் கார்களும் அவருடைய பாடப்புத்தகம். போர் முடிந்தபின் பெற்றோரின் ஊருக்குத் திரும்பினார். தடையில் பழகியவரும் அகதி வாழ்வில் பழகியவரும் இன்று ஒரே பொனற்றுக்குக் கீழே குனிந்து நிற்கிறார்கள். இதை நான் நல்லிணக்கக் கதையாக்க விரும்பவில்லை. கூலி பற்றி அன்றும் இருவருக்கும் வாக்குவாதம் நடந்தது.

மண்ணெண்ணெயின் விலை

அன்று வந்த மீன் லொறியின் கதை டீசல் பற்றியது. இன்ஜெக்டர் பம்ப் தேய்ந்துவிட்டது. டீசலே அந்தப் பம்புக்கு மசகு. மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்பு இல்லை. கலந்து ஓடிய வாகனம் உடனே நிற்காது, மெல்லத் தேயும். உரிமையாளர் தான் கலக்கவில்லை என்றார், நான் நம்புகிறேன். ஆனால் 2022இல் எங்கே, யாரிடம், எந்தக் கலனில் வாங்கினார் என்று கேட்டபோது அவர் சிரித்ததோடு நிறுத்திக்கொண்டார்.

அந்த ஆண்டின் கணக்கைப் பாருங்கள். யூன் கடைசியில் ஒரு லீற்றர் டீசல் 460 ரூபா, 92 ஒக்ரேன் பெற்றோல் 470 ரூபா. மண்ணெண்ணெய் 87 ரூபா. ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம். கியூஆர் முறை வந்தபோது முச்சக்கரவண்டிக்கு ஆரம்பத்தில் வாரம் 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர். இந்த இரண்டும் சேரும் இடத்தில் கலப்படம் பிறக்காமல் இருந்தால்தான் அதிசயம். ஓகஸ்டில் அரசாங்கம் மண்ணெண்ணெயை ஒரே இரவில் 340 ரூபாவுக்கு உயர்த்தியது. கலப்பதற்கான ஆசை குறைந்தது, உண்மை. ஆனால் சிலாவத்துறை, அரிப்பு, கொண்டச்சிக் கரைகளில் பைபர் படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்கள் பல பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடுபவை. வன்னியில் நாங்கள் இழுபறிப்பட்டுச் செய்ததைத் தொழிற்சாலையே செய்து கொடுத்த இயந்திரங்கள். லொறிக்காரனின் ஏமாற்றைத் தடுக்கும் விலை, கடற்றொழிலாளியைக் கரையில் உட்கார வைத்தது. விலையைக் குறைவாக வைத்தால் அது வாகனத்தின் தாங்கிக்குப் போகிறது, உயர்த்தினால் படகு நிற்கிறது. தொழிலுக்கென்று நேரடியாக மானியம் கொடுக்காமல் எரிபொருளின் விலையை மட்டும் திருகிக்கொண்டிருக்கும்வரை இந்த முடிச்சு அவிழாது.

விலை வித்தியாசம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இந்தியா சாட்சி. அங்கே கலப்படத்தைக் கண்டுபிடித்த இந்தியன் ஒயில் அதிகாரி மஞ்சுநாத் சண்முகம் 2005 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2011 சனவரியில் மகாராட்டிரத்தில் மேலதிக ஆட்சியர் யஷ்வந்த் சோனாவணே எரித்துக் கொல்லப்பட்டார். இவற்றுக்கு அப்பால், அங்கே பெற்றோல் நிலையத்தில் வடிதாள் கேட்டு வாங்கி ஒரு துளி விட்டுப் பார்க்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. நல்ல பெற்றோல் சில நிமிடத்தில் கறையின்றி ஆவியாகிவிடும். மண்ணெண்ணெயோ டீசலோ கலந்திருந்தால் எண்ணெய் வட்டம் மிஞ்சும். சிறிய அளவு கலப்பை இது காட்டாது. ஆனாலும் வெள்ளைத் தாள் யாருடைய வீட்டிலும் உண்டு. எங்கள் பெற்றோல் செட்டுகளில் அப்படிக் கேட்ட ஒருவரையும் நான் பார்த்ததில்லை. நானும் கேட்டதில்லை.

எரிபொருளில் இருக்கும் குற்றம் கடைசியில் வாகனக்காரனின் தலையில்தான் விழுகிறது. எஞ்சின் தட்டும், பிளக் தவறும், எரியாத எரிபொருள் கொன்வேட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கும். ஸ்கானரில் வருவது 'மண்ணெண்ணெய்' என்ற சொல்லல்ல, பி 0300 என்றோ பி 0420 என்றோ ஓர் எண். முன்னர் ஈயம் கலந்த பெற்றோல் இருந்தபோதும் இப்படித்தான். ஈயம் கொன்வேட்டருக்கு நஞ்சு. 2002இல் இலங்கை அதை நிறுத்தியது. அது வாகனக்காரரிடம் சான்றிதழ் கேட்டு நடந்ததல்ல, எரிபொருளைத் திருத்தி நடந்தது.

யாரும் வாசிக்காத தாள்

இப்போது சான்றிதழுக்கு வருவோம். 2008இன் இறுதியில் தொடங்கிய புகைப் பரிசோதனைத் திட்டத்தின்படி, வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முதலில் புகைச் சான்றிதழ் வேண்டும். இரண்டு தனியார் நிறுவனங்கள் இதைச் செய்கின்றன. நோக்கத்தில் எனக்குக் குறை இல்லை. புகையைச் சுவாசிப்பது வீதியோரத்தில் நடந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைகள்தான்.

பரிசோதனை நாளுக்கு முதல்நாள் என்ன நடக்கிறது என்பதைக் கராஜில் எல்லோரும் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார்கள். காபரேற்றர் ஸ்குரூவைத் திருகிப் பெற்றோலைக் குறைப்பார்கள், டீசல் வாகனமென்றால் பம்பில் குறைப்பார்கள். வண்டி இழுக்காது, ஆனால் பாஸாகும். வரும் வழியிலேயே மறுபடி திருகிக்கொள்வார்கள். ஒரு நாளுக்கான சுத்தக் காற்று.

எனக்குக் கவலை தருவது வேறு. பரிசோதனையில் கையில் தரும் தாளில் காபன் மொனொக்சைட்டின் வீதமும் ஐதரோகாபனின் அளவும் அச்சாகியிருக்கும். நாங்கள் பார்ப்பது பாஸா, பெயிலா என்ற ஒரு சொல்லை மட்டும். உண்மையில் அந்த இரண்டு எண்களும் ஒரு வைத்திய அறிக்கை. காபன் மொனொக்சைட் அதிகம், ஐதரோகாபன் சாதாரணம் என்றால் பெற்றோல் கூடப் போகிறது: ஏர் பில்டர் அடைப்பு, ஒழுகும் இன்ஜெக்டர், பொய் சொல்லும் வெப்பச் சென்சர். முசலியின் செம்மண் தூசியில் ஏர் பில்டரே முதற் சந்தேகம். ஐதரோகாபன் அதிகம், காபன் மொனொக்சைட் குறைவு என்றால் எரியாமல் தப்புகிறது: பிளக், வயர், கொயில், அல்லது எங்கள் ஹோஸ் போன்ற காற்று ஒழுக்கு. இரண்டும் அதிகம் என்றால் கலவையும் கெட்டு, கொன்வேட்டரும் கைவிட்டுவிட்டது. ஸ்கானர் இல்லாத, கணினியே இல்லாத முச்சக்கரவண்டிக்கும் இது பொருந்தும். அரசாங்கம் கட்டாயமாக்கி, மக்கள் பணம் கொடுத்து எடுக்கும் இந்த அறிக்கையை வாசிக்க யாரும் சொல்லித் தருவதில்லை. தாளின் பின்பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் பத்து வரி அச்சடித்தால் போதும். என் கையில் இருந்ததில் ஆங்கிலச் சுருக்கெழுத்துகள்தான் இருந்தன.

பரிசோதனை வாகனத்தைக் கேட்பது 'நீ குற்றவாளியா' என்பதை மட்டும், 'உனக்கு என்ன வருத்தம்' என்பதை அல்ல. 2025 சனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' தொடங்கியபோது முதலில் கண்ணில் பட்டதும் பொலிஸார் பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் இருந்த அலங்காரப் பொருட்களைக் கழற்றியதுதான்.

முசலியில் இதற்கு இன்னொரு பின்னணியும் உண்டு. சுற்றாடல் என்ற சொல் இங்கே எப்போதும் ஒரு கடதாசியோடு, குற்றச்சாட்டாகவே வந்திருக்கிறது. இரண்டு தசாப்தங்களுக்குப் பின் திரும்பி வந்த மறிச்சுக்கட்டி, கரடிக்குழி மக்கள் வில்பத்துக் காட்டை அழிப்பவர்களாகச் சித்திரிக்கப்பட்டார்கள். 2017 மார்ச்சில் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன ரஷ்யாவில் இருந்தபோது கையெழுத்திட்ட வர்த்தமானி 40,030 ஹெக்டேயரை மாவில்லு பேணற்காடு ஆக்கியது. பக்கத்து முள்ளிக்குளத்தில் 2007இல் வெளியேற்றப்பட்ட தமிழ்க் குடும்பங்களின் காணியில் கடற்படைத் தளம் வந்தது. இப்படிப்பட்ட இடத்தில் புகைச் சான்றிதழும் இன்னுமொரு கடதாசியாகத்தான் பார்க்கப்படும். திருகித் தப்பும் கடதாசி.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடத்தில் இருந்த வாகனங்களே ஓடித் தேய்ந்தன. இனி வருபவை நேரடி இன்ஜெக்ஷன், டீசலில் துகள் வடிகட்டி, ஹைபிரிட் என்று இன்னும் அதிகம் பேசும் இயந்திரங்கள். அவற்றின் மொழி மலிவான ஸ்கானருக்குள் அடங்காது. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனத்தில் வாகனத் தொழில்நுட்பம் கற்பிக்கிறார்கள். கராஜ் இளைஞருக்கு அதைப் பற்றித் தெரியும். ஆனால் கராஜைப் பூட்டிவிட்டு அவ்வளவு தூரம் போய்ப் படிக்கும் நிலையில் அவர் இல்லை. தொழிலில் இருப்பவரைத் தேடி, மாதம் இரண்டு நாள், சிலாவத்துறைக்கே வரும் ஒரு பயிற்சியைக் கேட்கிறார். பிரதேச சபைத் தேர்தலில் வாக்குக் கேட்டு வந்தவர்களிடமும் கேட்டாராம். வீதி விளக்குப் போட்டுத் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்களாம்.

எங்கள் காரின் அனுமதிப்பத்திரம் அடுத்த மாதம் முடிகிறது. புறப்படும்போது பாஸ் கூலி வாங்கிக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னார். புகைப் பரிசோதனை முடிந்ததும் சான்றிதழை மட்டும் எடுத்துக்கொண்டு அந்தத் தாளைக் காருக்குள் எங்காவது போட்டுவிடாதே தம்பி, பாஸானாலும் சரி, பெயிலானாலும் சரி, வருகிற வழியில் இங்கே கொண்டுவந்து காட்டு என்றார்.